ஊழியமும் ஓணமும்: தென்திருவிதாங்கூர் எல்லையில் கிறித்தவரும் புறச்சமயத் திருநாள்களும்

ஆவணித் திருவோணம் நெருங்கும்போதெல்லாம் கேரளக் கிறித்தவரிடையே ஒரு பழைய வழக்கு மீண்டும் எழுகிறது. வாமனனையும் மாவேலியையும் மையமாகக் கொண்ட திருநாளில் கிறித்தவர் தம் முற்றத்தில் அத்தப்பூக் கோலம் இடலாமா, தேவாலய வளாகத்தில் ஓண விருந்து பரிமாறலாமா என்பதே அவ்வழக்கு. அதன் தோற்றம் அஞ்ஞானம் என்பர் ஒரு சாரார். கிறிஸ்துமஸின் தோற்றம் மட்டும் வேறா என்று வினவுவர் மறுசாரார். இரு சாராரும் அறியாமலேயே ஒரு கருத்தில் உடன்படுகின்றனர்: ஒரு திருநாளைக் கொள்வதா தள்ளுவதா என்பதை அதன் தோற்றமே தீர்மானிக்க வேண்டும் என்பது அக்கருத்து.

நெய்யாற்றின்கரை, அதியன்னூர், பாறசாலை, களியக்காவிளை எனத் தொடரும் எல்லையோர ஊர்களின் வரலாறு இக்கருத்துக்கு இடம் தரவில்லை. அங்குத் திருநாள்கள் விலக்கப்பட்டதற்கும் ஏற்கப்பட்டதற்கும் தோற்றம் பற்றிய ஆராய்ச்சியைவிட வலிமையான காரணம் ஒன்று இருந்தது. அதைக் காண, முதலில் உரோமையிலிருந்து தொடங்க வேண்டும்.

டிசம்பர் 25ஆம் நாளைக் கிறிஸ்துவின் பிறப்பு நாளாகக் குறிக்கும் மிகப் பழைய சான்று, கி.பி. 354ஆம் ஆண்டைச் சேர்ந்த உரோமைக் காலக்குறிப்புத் தொகுப்பில் உள்ளது. அதிலுள்ள அப்பட்டியல் 336ஆம் ஆண்டளவில் உருவானது என்பது அறிஞர் கருத்து. அதே தொகுப்பின் நாட்காட்டிப் பகுதி, அதே நாளை 'வெல்லப்படாதவனின் பிறப்பு' என்றும் குறிக்கிறது. அவ்வெல்லப்படாதவன் ஞாயிற்றுக் கடவுள் என்பதே பொதுவான விளக்கம். பேரரசர் ஔரேலியன் 274இல் அக்கடவுளுக்கு உரோமையில் கோயில் எழுப்பினார். இதனால் ஞாயிற்று விழாவே கிறிஸ்துமஸாக மாறியது என்று ஒரு கொள்கை தோன்றியது. மற்றொரு கொள்கை, மார்ச் 25ஐ இயேசு கருவான நாளாகவும் இறந்த நாளாகவும் கொண்ட பழைய கணக்கிலிருந்து ஒன்பது மாதங்களை எண்ணி டிசம்பர் 25 பெறப்பட்டது என்கிறது. அறிஞரிடையே இவ்விவாதம் இன்னும் முடியவில்லை. டிசம்பர் 17இல் தொடங்கிய சாட்டர்ன் விழாவிலிருந்து கிறிஸ்துமஸ் நேராகப் பிறந்தது என்று பரவலாகச் சொல்லப்படுவதற்கோ இவ்விரண்டு கொள்கைகளுக்கு இருக்கும் சான்றளவும் இல்லை.

ஈஸ்டர் என்னும் பெயரின் கதையும் இதை ஒத்ததே. 725இல் எழுதிய ஆங்கிலேயத் துறவி பீடு, அப்பெயர் ஈயோஸ்ட்ரே என்னும் பெண்தெய்வத்தின் மாதப் பெயரிலிருந்து வந்தது என்றார். அத்தெய்வத்தைப் பற்றி எழுதியவர் அவர் ஒருவரே. பெயர் அவ்வாறே வந்திருப்பினும், விழா யூதரின் பாஸ்காவிலிருந்து வந்தது. தமிழ்க் கத்தோலிக்கர் 'பாஸ்கா' என்னும் எபிரேய வேருடைய சொல்லையே வழங்குகின்றனர். ஆகவே ஒரு திருநாளின் பெயர், நாள், சடங்கு ஆகிய மூன்றும் ஒரே இடத்திலிருந்து வர வேண்டும் என்பதில்லை. ஒன்றின் தோற்றத்தைக் காட்டி மற்றவற்றுக்கும் அதுவே தோற்றம் என்று முடிப்பது, சொல்லின் வேரைக் காட்டி அதன் இன்றைய பொருளை முடிவு செய்வதற்கு ஒப்பாகும்.

புறச்சமய வழக்கங்களை என்ன செய்வது என்னும் கேள்விக்கு உரோமைத் திருச்சபை மிக முன்பே ஒரு விடை கண்டது. 601இல் திருத்தந்தை முதலாம் கிரகோரி, இங்கிலாந்து நோக்கிப் பயணப்பட்டிருந்த மெல்லித்துஸுக்கு எழுதிய கடிதத்தைப் பீடு தம் நூலில் பாதுகாத்துள்ளார். சிலைகளை அகற்றுக, ஆலயங்களை இடிக்காது தூய்மை செய்து பயன்படுத்துக, மக்கள் பலியிட்டு உண்ட நாள்களை மறைசாட்சியரின் விழாக்களாக்கி விருந்துண்ண விடுக என்பது அக்கடிதத்தின் சாரம். வழிபாட்டின் இலக்கு மாற வேண்டும். கூடி உண்ணும் வழக்கம் தொடரலாம் என்பது அதன் கொள்கை.

ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின், தென்னிந்தியாவில் இக்கொள்கை இரு வேறு முடிவுகளைச் சந்தித்தது. 1599 ஜூன் மாதத்தில் கோவாப் பேராயர் அலெய்ஷோ தே மெனேசிஸ், கொச்சிக்கு அண்மையிலுள்ள உதயம்பேரூரில் தோமா கிறித்தவரின் பேரவையைக் கூட்டினார். ஓணக் கொண்டாட்டங்களில் கிறித்தவர் கலந்துகொள்ளுதலை அப்பேரவை தடை செய்தது. ஒரு தடையாணை தடுக்கும் செயலுக்கே சான்றாகவும் அமைகிறது. தோமா கிறித்தவர் ஓணத்தில் கலந்துகொண்டிருந்தனர் என்பதாலேயே தடை வேண்டியிருந்தது.

ஏழே ஆண்டுகளில், 1606இல், இராபர்ட்டோ தெ நொபிலி மதுரைக்கு வந்தார். குடுமி, பூணூல், சந்தனம் போன்றவை சமூக அடையாளங்களே என்று வாதிட்ட அவர், பொங்கலையும் அவ்வாறே நோக்கினார். கிறித்தவர் சிலுவையின் அடியில் பொங்கலிட இசைந்தார். 1623இல் பதினைந்தாம் கிரகோரி அவ்வடையாளங்களை நிபந்தனைகளோடு அனுமதித்தார். பின்னர்க் காற்று மாறியது. 1704இல் திருத்தந்தையின் தூதர் துர்னோன் புதுச்சேரியில் வெளியிட்ட ஆணை, பிள்ளையார் உருவம் பொறித்த தாலி முதலான பல வழக்கங்களைத் தடுத்தது. 1744இல் பதினான்காம் பெனடிக்ட் அத்தடைகளை உறுதிப்படுத்தினார். அனுமதித்தவரும் தடுத்தவரும் தோற்றத்தைப் பற்றியே பேசினர். ஆயினும் ஒரே பொங்கல் ஒரு நூற்றாண்டில் சமூக வழக்கமாகவும் அடுத்த நூற்றாண்டில் ஐயத்துக்குரியதாகவும் தோன்றியதற்குப் பொங்கலின் தோற்றம் காரணமாக இருந்திருக்க முடியாது. அது மாறவில்லை, முடிவு செய்தவர்களின் நிலையே மாறியது.

தென்திருவிதாங்கூரின் சீர்திருத்தக் கிறித்தவம் வேறு வழியில் வந்தது. 1806இல் வில்லியம் தொபியாஸ் ரிங்கல்தௌபே மயிலாடியை மையமாகக் கொண்டு இலண்டன் மிஷனரி சங்கத்தின் பணியைத் தொடங்கினார். 1818இல் வந்த சார்லஸ் மீட் நாகர்கோவிலிலும் பின்னர் நெய்யூரிலும் அதை விரித்தார். பாறசாலை பிறகு தனி மிஷன் நிலையமாயிற்று. அங்குப் பணியாற்றிய ஜான் ஆப்ஸ் தம் 22 ஆண்டுத் திருவிதாங்கூர் அனுபவத்தை நூலாக்கினார். சாமுவேல் மடீர் 1871இலும் 1883இலும் வெளியிட்ட இரு நூல்கள், அந்நாட்டின் சாதிகள், தொழில்கள், விழாக்கள் பற்றி இன்றும் ஆய்வாளர் நாடும் மூலங்களாக உள்ளன.

இச்சங்கத்தின் பின்புலத்தில் ஒரு முரண் உண்டு. 1795இல் நிறுவப்பட்ட அது பெரும்பாலும் சுயாதீனச் சபையாரின் ஆதரவில் வளர்ந்தது. அவர்களின் முன்னோரான தூய்மைவாதிகள் கிறிஸ்துமஸையே புறச்சமயக் கலப்பு என்று விலக்கியவர்கள். ஆங்கிலப் பாராளுமன்றம் 1647இல் கிறிஸ்துமஸ் முதலிய திருநாள்களை ஒழித்து ஆணையிட்டது. மாசசூசெட்ஸ் குடியேற்றம் 1659 முதல் 1681 வரை கிறிஸ்துமஸ் கொண்டாடுவோருக்கு 5 ஷில்லிங் தண்டம் விதித்தது. அம்மரபின் வழிவந்தோர் நிறுவிய சபைகளில் இன்று கிறிஸ்துமஸ் ஆண்டின் பெருந்திருநாள். அவ்வாறே, நவீன ஆங்கிலேய வடிவில் 1843இல் இராபர்ட் ஹாக்கர் என்னும் குருவால் கார்ன்வாலில் தொடங்கப்பட்ட அறுவடை நன்றிவிழாவுக்கு இணையான அறுப்பின் பண்டிகை, இன்று தமிழ்ச் சீர்திருத்தச் சபைகளில் காணிக்கைப் பொருள்களின் ஏலத்தோடு ஊர்விழாவாக நிகழ்கிறது. முதல் விளைச்சலைக் கடவுள் முன் வைத்தல் இஸ்ரவேலர், உரோமர், தமிழர் எனப் பலரிடமும் காணப்படும் வழக்கம். அதற்கு ஒரே தாய்வீடு தேடுவது வீண்.

அப்படியானால், இச்சபைகள் தம்மைச் சூழ்ந்த திருவிதாங்கூரின் விழாக்களை அத்துணை உறுதியாக மறுத்தது ஏன்? விக்கிரக வழிபாட்டை விலக்கும் வேதக் கட்டளை முதற்காரணம். அதைக் குறைத்து மதிப்பிட வேண்டுவதில்லை. ஆனால் சபையில் சேர்ந்தோரில் பெரும்பாலோர் நாடார், பறையர், புலையர் ஆகிய சமூகத்தினர். அவர்களுக்குக் கோயில் விழா ஒரு நம்பிக்கைப் பொருளாக மட்டும் வரவில்லை. 'ஊழியம்' என்னும் பெயரில் வந்தது.

ஊழியம் என்பது திருவிதாங்கூரில் அரசுக்கும் கோயிலுக்கும் ஊட்டுபுரைகளுக்கும் கூலியின்றிச் செய்ய வேண்டிய கட்டாய வேலை. சுமை தூக்குதலும் பொருள் வழங்குதலும் அதில் அடங்கும். கோயிலுக்குள் நுழைய உரிமையில்லாதவர்கள், அக்கோயிலின் விழாவுக்குச் சுமை தூக்கக் கடமைப்பட்டிருந்தனர். அவர்களைப் பொறுத்தவரை விழாவின் தெய்வம் தொலைவில் இருந்தது. விழாவின் சுமை தோளில் இருந்தது.

1810களில் ரெசிடெண்டாக இருந்த கர்னல் ஜான் மன்றோவின் முயற்சியால், கிறித்தவருக்கு ஞாயிற்றுக்கிழமை வேலையிலிருந்தும் கோயில் சார்ந்த ஊழியத்திலிருந்தும் விலக்கு அளிக்கப்பட்டது. அவ்விலக்கு மீறப்பட்டது பற்றிய முறையீடுகள் மிஷனரிகளின் எழுத்துகளில் தொடர்ந்து வருகின்றன. இங்கு ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. 'இது புறச்சமய விழா. நாங்கள் கிறித்தவர்' என்னும் வாக்கியம் இறையியல் வாக்கியம் மட்டும் அன்று. அது ஒரு சட்ட வாக்கியமும் ஆகும். அதைச் சொல்லக் கூடியவனுக்குக் கட்டாய வேலையை மறுக்கும் உரிமை இருந்தது. விழாவை அஞ்ஞானம் என்று பெயரிடுதல், சுமையை இறக்கி வைப்பதற்கான வழியாகவும் அமைந்தது. 1859இல் நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமை அரசாணையாக வெளிவரும் வரை நீண்ட போராட்டத்தோடு சேர்த்தே இம்மறுப்பையும் படிக்க வேண்டும்.

'ஊழியம்' என்னும் அச்சொல்லே இன்னொரு கதையைச் சொல்கிறது. தமிழ் விவிலிய மரபில் கடவுளுக்குச் செய்யும் பணிக்கும் அதுவே பெயர். அரசு அதிகாரியின் வாயில் அடிமை வேலையைக் குறித்த சொல், சபை மேடையில் தெய்வப் பணியைக் குறித்தது. இரு வழக்குகளும் ஒரே காலத்தில், ஒரே ஊரில், ஒரே மக்களின் காதில் விழுந்தன. கூலியில்லாக் கட்டாய ஊழியத்திலிருந்து விடுபட்டவர் விரும்பிச் செய்யும் ஊழியத்தை மேற்கொண்டனர். சொல் ஒன்றே, கட்டாயம் நீங்கியதே வேறுபாடு.

ஓணத்துக்கும் இத்தகைய இரு முகங்கள் இருந்தன. அதன் தோற்றமே பல அடுக்குகளைக் கொண்டது. மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சி, மதுரையில் மாயோனுக்குரிய ஓண நாள் கொண்டாடப்பட்டதைக் குறிக்கிறது. மாவேலியின் வருகை பற்றிய கேரளக் கதை அங்கு இல்லை. அறுவடை, திருமாலின் விண்மீன், வாமனன், மாவேலி என அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்தன. இவற்றுள் எதை ஓணத்தின் தோற்றம் என்பது?

வழக்கில் ஓணம் ஒரு பொருளியல் உறவும் ஆகும். குத்தகைக் குடியானவர் தம் விளைச்சலில் சிறந்த வாழைக்குலையை ஜென்மியின் வீட்டுக்குக் 'காழ்ச்சக்குலை'யாகக் கொண்டு செல்வர். ஜென்மி அவர்களுக்கு ஓணக்கோடி வழங்குவார். அதியன்னூருக்கு அண்மையிலுள்ள பாலராமபுரத்தின் நெசவு இன்றும் ஓணக் காலத்தை நம்பியே பெரிதும் வாழ்கிறது. அத்தறிகளை அங்கு நிறுவியோர், பாலராமவர்மா மன்னர் காலத்தில் தமிழகத் தெற்கிலிருந்து குடியேற்றப்பட்ட சாலியர். கேரளத்தின் அடையாளமாக இன்று கொண்டாடப்படும் ஓணப் புடவையைத் தமிழ் பேசும் நெசவாளர் நெய்தனர் என்பது, தூய தோற்றம் தேடுவோர் நினைவிற்கொள்ள வேண்டிய செய்தி.

இப்பொழுது இரு கிறித்தவ சமூகங்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். மத்தியக் கேரளத்துத் தோமா கிறித்தவர் நிலமும் வணிகமும் சமூக மதிப்பும் உடையவர்; ஓணத்தில் அவர்கள் அயலாருக்கு நிகரானவராகக் கலந்தனர். அவர்களைப் பிரிக்க ஒரு பேராயரும் ஒரு பேரவையும் வேண்டியிருந்தன; அவ்வாணைக்குப் பின்னும் ஓணம் அவர்கள் வீட்டை விட்டு அகலவில்லை. தென்திருவிதாங்கூரின் புதுக் கிறித்தவருக்கு விழாக்கள் மேலிருந்து வந்த கட்டளையாக இருந்தன. மறுப்பு அவர்களுக்கு விடுதலையின் மொழியாயிற்று. திருநாள் ஒன்றே, வேதம் ஒன்றே. சமூகத்தில் நின்ற இடம் மட்டுமே வேறு.

கிறித்தவர் அல்லாதாரும் இதே வினாவைத் தம் வழியில் எதிர்கொண்டனர். நெய்யாற்றின்கரைக்கு அண்மையிலுள்ள அருவிப்புறத்தில் ஸ்ரீ நாராயண குரு 1888ஆம் ஆண்டுச் சிவராத்திரியன்று சிவனைப் பிரதிஷ்டை செய்தார். கோயில் மறுக்கப்பட்ட மக்கள் சிலர் அக்கோயிலின் விழாவை விட்டு வெளியேறினர். சிலர் தமக்கெனக் கோயிலும் விழாவும் அமைத்தனர். இரு செயல்களும் ஒரே கட்டாயத்துக்கு எதிரான இரு விடைகள்.

1936 நவம்பர் 12ஆம் நாள் வெளிவந்த ஆலயப் பிரவேச அறிவிப்பு, கட்டாயமும் தீண்டாமையும் சூழ்ந்த விழாவுலகின் வாயிலைத் திறந்தது. பின்னர் வந்த மொழிவாரி எல்லை அவ்வுலகை இரண்டாகப் பிரித்தது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கோரிய நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. திருச்சபைகளும் இக்கோட்டை ஒட்டியே பிரிந்தன. கத்தோலிக்கரின் கோட்டாறு மறைமாவட்டம் 1930லேயே கொல்லத்திலிருந்து பிரிந்திருந்தது. தென்னிந்தியத் திருச்சபை 1959இல் தென்கேரளப் பேராயம், கன்னியாகுமரிப் பேராயம் என இரண்டானது.

இதன் பின் நிகழ்ந்தது வியப்புக்குரியது. 1961இல் கேரள அரசு ஓணத்தை மாநிலத் தேசியத் திருநாளாக அறிவித்தது. எல்லையின் மறுபுறம், தமிழ் இயக்கங்கள் பொங்கலைச் சமயம் கடந்த தமிழர் திருநாளாக நிலைநிறுத்தின. பிற்காலத்தில் அது அரசு விழாக்களில் சமத்துவப் பொங்கலும் ஆயிற்று. களியக்காவிளைக்கு வடக்கே ஓணம் பண்பாடு ஆனது. தெற்கே பொங்கல் பண்பாடு ஆனது. ஒரே மிஷனின் வழிவந்த, திருமண உறவால் பிணைந்த மக்களுக்கு, எந்தப் பழந்திருநாள் தீங்கற்றது என்பதை ஒரு நிருவாகக் கோடு பெருமளவு வகுத்தது. முழுமையாக வகுக்கவில்லை என்பதும் உண்மையே. கன்னியாகுமரி மாவட்டத்தில் ஓணத்துக்கு இன்றும் உள்ளூர் விடுமுறை அறிவிக்கப்படுகிறது. காழ்ச்சக்குலையின் கடமை நிலச் சீர்திருத்தங்களோடு மங்கிய பின், ஓணம் அயலார்க்கு அயலார் விருந்து பகிரும் நாளாக மாறியது. அதன்பின் அதில் கலந்துகொள்ளுதல் முன்னோரின் மறுப்பைக் காட்டிக்கொடுத்தல் ஆகாது. அவர்கள் மறுத்தது எதுவோ அது பெரும்பாலும் மறைந்திருந்தது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. இன்றும் ஓணத்திலிருந்து விலகி நிற்கும் விசுவாசிகள் சமூகக் காரணத்துக்காக விலகவில்லை, மனச்சான்றுக்காகவே விலகுகின்றனர் என்பது அம்மறுப்பு. அதை மதித்தே ஆக வேண்டும். ஆனால் அவர்கள் சான்று காட்டும் பவுலின் நிருபங்களும் தோற்றத்தை இறுதி அளவுகோலாகக் கொள்ளவில்லை. விக்கிரகங்களுக்குப் படைத்தவை பற்றிக் கொரிந்தியருக்கு எழுதுகையில், விக்கிரகத்தின் பந்தியில் பங்குகொள்ளுதலை அவர் விலக்குகிறார். சந்தையில் விற்கும் இறைச்சி எங்கிருந்து வந்தது என்று துருவ வேண்டாம் என்கிறார். பிறர் மனச்சான்று புண்படுமாயின் அதை உண்ணாதிருக்கச் சொல்கிறார். நாள்களை விசேஷமாய்க் கொள்பவரும் கொள்ளாதவரும் ஒருவரையொருவர் தீர்ப்பிட வேண்டாம் என்பது உரோமருக்கு அவர் எழுதியது. வழிபாடு யாருக்கு, உடன் உண்பவர் யார், கட்டாயம் உண்டா என்பனவே அங்கு வினாக்கள்.

மொழியும் இதற்குச் சான்று பகரும். இலத்தீனில் 'பகானுஸ்' என்னும் சொல் முதலில் நாட்டுப்புறத்தானைக் குறித்தது. பின்னரே புறச்சமயத்தானைக் குறித்தது. தமிழ்க் கிறித்தவர் அதற்கு வழங்கிய 'அஞ்ஞானி' சைவமும் வேதாந்தமும் முன்பே பழகிய சொல். கத்தோலிக்கர் 'பூசை' கண்டனர், 'சர்வேசுரனை' வணங்கினர். சீர்திருத்தச் சபையார் 'வேதம்' வாசித்தனர். புறச்சமயத்தை விலக்கும் சொல்லே புறச்சமயத்தாரிடம் கடன்பெற்றது. ஈழத் தமிழர் கிறிஸ்துமஸை 'நத்தார்' என்பர். அது போர்த்துக்கீசிய 'நத்தால்' வழியாக இலத்தீன் 'நத்தாலிஸ்' என்பதில் வேர்கொண்டது. 354ஆம் ஆண்டு நாட்காட்டி வெல்லப்படாதவனின் பிறப்பைக் குறிக்கவும் அச்சொல்லையே கையாண்டது. யாழ்ப்பாணத்தில் நத்தார் வாழ்த்துக் கூறுவோர் எவரும் உரோமை ஞாயிற்றுக் கடவுளை வணங்குவதில்லை. சொல் பழையது, பொருளைத் தருவோர் பேசுவோர்.

திருநாளும் அவ்வாறே. அது எங்கிருந்து வந்தது என்பது ஆய்வுக்குரிய நல்ல வினா. அதற்கு நேர்மையான விடை தேட வேண்டும். ஆயினும் அதைக் கொள்வதா தள்ளுவதா என்பதற்குத் தென்திருவிதாங்கூரின் எளிய கிறித்தவர் வேறு வினாக்களைத் தம் தோள்களால் கேட்டனர்: இவ்விழாவில் சுமப்பவர் யார், உண்பவர் யார், வர மறுக்கும் உரிமை யாருக்கு உண்டு? இன்று ஓண விருந்தைத் தடுக்க முனையும் சபையும், ஓணம் கொண்டாடாதவரைப் பண்பாடற்றவர் என்று பழிக்கும் சமூகமும் இவ்வினாக்களையே முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். கட்டாயமாக வந்த விழாவை மறுத்தவர்களின் வழித்தோன்றல்கள், விரும்பிக் கொண்டாடும் உரிமைக்கும் விரும்பி விலகும் உரிமைக்கும் ஒருங்கே உரியவர்கள்.